தசை எப்படிச் சுருங்குகிறது: முழங்கையில் தொடங்கி மையோசின் தலை வரை

தசை சுருங்குகிறது என்றதும் பலருக்கும் தோன்றும் படம், இழுத்துப் பிடித்த ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்புவதுதான். அந்தப் படத்தை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். தசை சுருங்கும்போது உள்ளே இழுவிசை தரும் புரத இழைகள் குட்டையாவதே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன, அவ்வளவுதான். புதிதாகப் படிப்பவர்கள் திணறும் இடங்களில் பாதி இந்த ஒரு வரி மனதில் பதியாததால் வருபவை.

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். தேவையானவை ஒரு அளவுகோல், இரண்டு நிறத் தாள், கத்தரிக்கோல், உங்கள் கை.

படி 1: தொட்டுப் பாருங்கள்

வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி வையுங்கள். இடது கையால் மேற்கையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது பைசெப்ஸ் எனப்படும் இருதலைத் தசை. இப்போது முழங்கையை அசைக்காமல், உள்ளங்கையை மட்டும் மேல்நோக்கித் திருப்புங்கள். தசை திரண்டு கெட்டிப்படும். முழங்கையை மடக்குவது மட்டுமே இருதலைத் தசையின் வேலை என்று நினைத்திருந்தால் இது வியப்பாக இருக்கும். முன்கையைத் திருப்புவதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு. மடக்குவதில் அதைவிட அதிகம் உழைப்பது அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசை.

முழங்கை மடிப்பில் விரலை வைத்தால் கயிறு போல ஒன்று தட்டுப்படும். அது தசைநாண். தசையையும் எலும்பையும் இணைப்பது அதுதான். அது தானாகச் சுருங்காது.

அடுத்து, உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். இம்முறை கெட்டியாவது மேற்கையின் பின்பக்கம், அதாவது முத்தலைத் தசை. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிர்த் தசைகள் தேவைப்படுகின்றன. நாம் எதையாவது தள்ளும்போதும் உள்ளே ஏதோ ஒரு தசை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மேசை நகராததையும் கவனியுங்கள். தசை விசை தருகிறது, நீளம் மாறவில்லை. ‘சுருக்கம்’ என்ற சொல் இதையும் சேர்த்தே குறிக்கும். ஒரு பாரத்தை மெல்லக் கீழே இறக்கும்போது தசை விசை தந்துகொண்டே நீள்கிறது. அதற்கும் பெயர் சுருக்கம்தான். பொருத்தமில்லாத சொல், ஆனால் நிலைத்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு. இருதலைத் தசையின் நாண் எலும்பில் பதியும் இடம் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது. கையில் பிடித்த பொருள் சுமார் 35 செ.மீ. தள்ளி. 5 கிலோ எடையைத் தாங்க மடக்கும் தசைகள் ஏறத்தாழ 35 கிலோ எடைக்கு ஈடான விசை தர வேண்டும், முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே. விசையில் நட்டம். ஆனால் தசை 1 செ.மீ. குறுகினால் கை 7 செ.மீ. நகரும். உடல் இந்த விலையைக் கொடுத்து வேகத்தையும் வீச்சையும் வாங்கியிருக்கிறது.

படி 2: பெயர்களை நேர்படுத்துங்கள்

தமிழ்ப் பாடநூல்களில் நார், இழை, நாண் ஆகிய சொற்கள் நூலுக்கு நூல் இடம் மாறும். சில நூல்களில் எலும்போடு இணைவதும் தசைநார், உள்ளே இருக்கும் உயிரணுவும் தசைநார். இதைச் சரிசெய்துகொள்ளாமல் மேலே படித்தால் எல்லாம் குழம்பும். இங்கே நார் என்றால் உயிரணு, இழை என்றால் புரதம், நாண் என்றால் எலும்போடு இணைக்கும் கயிறு.

வெளியிலிருந்து உள்ளே போகலாம். முழுத் தசையை எபிமைசியம் என்ற உறை சுற்றியிருக்கிறது. அதற்குள் தசைக்கற்றைகள், ஒவ்வொன்றையும் பெரிமைசியம் சுற்றியிருக்கும். கற்றைக்குள் தசைநார்கள், ஒவ்வொன்றுக்கும் எண்டோமைசியம் என்ற மெல்லுறை. இந்த மூன்று உறைகளும் தசையின் முனையில் ஒன்றுசேர்ந்து நாணோடு இணைகின்றன. நார் உண்டாக்கும் இழுவிசை எலும்பைச் சென்றடைவது இப்படித்தான்.

ஒரு தசைநார் என்பது ஒரே உயிரணு. குறுக்களவு 10 முதல் 100 மைக்ரோமீட்டர், நீளமோ பல சென்டிமீட்டர். கருவளர்ச்சியின்போது பல உயிரணுக்கள் இணைந்து உருவாவதால் இதில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். நாருக்குள் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் தடிமனில் நுண்நார்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நுண்நாரும் சார்கோமியர் என்ற அலகுகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாகக் கோத்தது. தசையின் வேலை முழுவதும் நடப்பது இந்தப் பெட்டிக்குள்தான்.

படி 3: காகிதத்தில் ஒரு சார்கோமியர்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பத்து நிமிட வேலை. பல பக்கங்கள் படிப்பதைவிட இது அதிகம் புரியவைக்கும்.

1 மைக்ரோமீட்டருக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்கம். 16 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டுங்கள். இது மையோசினால் ஆன தடித்த இழை. அதன் நடுவில் 2 செ.மீ. பகுதியைக் கோடிட்டு ஒதுக்குங்கள். அங்கே தலைகள் கிடையாது. இருபுறமும் மிஞ்சும் 7 செ.மீ. பகுதிகளில் சிறு கொக்கிகள் வரைந்துகொள்ளுங்கள். அவை மையோசின் தலைகள். உண்மையான ஒரு தடித்த இழையில் சுமார் 300 மையோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள்.

வேறு நிறத் தாளில் 10 செ.மீ. பட்டைகள் இரண்டு வெட்டுங்கள். இவை ஆக்டினால் ஆன மெல்லிய இழைகள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் குறுக்காக ஒரு அட்டைத் துண்டை ஒட்டுங்கள். அதுதான் இசட் கோடு. இரு இசட் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரமே ஒரு சார்கோமியர். இந்த அளவுகள் தவளைத் தசையில் அளந்தவற்றை ஒட்டியவை. மனிதத் தசையில் மெல்லிய இழை கொஞ்சம் கூடுதல் நீளம், சுமார் 1.25 மைக்ரோமீட்டர். தத்துவம் ஒன்றுதான்.

தடித்த பட்டை நடுவில் இருக்க, மெல்லிய பட்டைகளை இருபுறமிருந்தும் அதன்மேல் நகர்த்தி, இசட் கோடுகளின் தூரத்தை 22 செ.மீ. ஆக வையுங்கள். மெல்லிய இழை ஒவ்வொன்றும் தடித்த இழையின்மேல் சரியாக 7 செ.மீ. படிந்திருக்கும். எல்லாத் தலைகளுக்கும் பிடிக்க ஆக்டின் கிடைக்கிறது. விசை உச்சம்.

30 செ.மீ. ஆக இழுங்கள். படிவது பக்கத்துக்கு 3 செ.மீ. மட்டும். ஏழில் மூன்று பங்குத் தலைகளுக்கே வேலை. விசையும் பாதிக்குக் கீழே.

36 செ.மீ. இழுத்தால் படிவே இல்லை. தலைகளுக்குப் பிடிக்க எதுவுமில்லை, விசை பூச்சியம்.

இப்போது எதிர்த்திசையில் 18 செ.மீ. வரை தள்ளுங்கள். இரண்டு மெல்லிய இழைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, விசை குறையத் தொடங்கியிருக்கும். 16 செ.மீ. வந்ததும் தடித்த இழையின் முனைகள் இசட் கோட்டில் முட்டும். அதற்குமேல் விசை விரைவாகச் சரிகிறது.

இதை உங்கள் உடலிலேயே சோதிக்கலாம். மணிக்கட்டை நேராக வைத்து ஒரு பேனாவை இறுக்கிப் பிடியுங்கள். பிறகு மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு அதே பேனாவைப் பிடித்துப் பாருங்கள். பிடி தளர்ந்துவிடும். விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் தாண்டிச் செல்பவை. மணிக்கட்டு மடங்கியதும் அவை ஏற்கெனவே குறுகிவிட்டன. பின்பக்கத் தசைகள் இழுபட்டு விரல்களைத் திறக்கப் பார்ப்பதும் சேர்ந்துகொள்கிறது.

பட்டைகளை நகர்த்தும்போது இன்னொன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தடித்த இழை இருக்கும் பகுதி எப்போதும் 16 செ.மீ. நுண்ணோக்கியில் இது கருமையாகத் தெரியும் ஏ பட்டை. மெல்லிய இழை மட்டும் உள்ள வெளிர்ப்பகுதி ஐ பட்டை. 22 செ.மீ.யில் அது பக்கத்துக்கு 3 செ.மீ., 18 செ.மீ.யில் 1 செ.மீ. நடுவில் மெல்லிய இழை எட்டாத எச் மண்டலமும் குறுகி மறைகிறது. கருப்புப் பட்டை மாறாமல் வெளிர்ப்பட்டை மட்டும் குறுகுகிறது என்ற இந்தக் கவனிப்புதான் சறுக்கு இழைக் கோட்பாட்டின் அடித்தளம். 1954இல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை. தேர்வு விடைத்தாள்களில் ஒரே ஆளாக்கிவிடும் வழக்கம் உண்டு.

தடித்த இழை நடுவிலேயே நிற்பதற்குக் காரணம் டைட்டின். மனித உடலின் மிகப்பெரிய புரதம் இது. இசட் கோட்டிலிருந்து சார்கோமியரின் நடுப்பகுதி வரை சுருள்வில் போல நீண்டிருக்கிறது. மாதிரியில் காட்ட விரும்பினால் தடித்த பட்டையின் இரு முனைகளையும் இசட் கோடுகளோடு மெல்லிய ரப்பரால் இணையுங்கள். தளர்ந்த தசையை இழுக்கும்போது உணரும் எதிர்ப்பில் இதற்கும் பங்குண்டு. முதல் பத்தியில் விரட்டிய ரப்பருக்கு இங்கே மட்டும் ஓர் இடம்.

படி 4: நரம்பின் ஆணை கால்சியமாக மாறும் வரை

பின்வரும் சங்கிலியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பிறகு வரும் நோய்கள் புரியாது.

தண்டுவடத்திலிருந்து வரும் இயக்க நரம்பின் முனைக்கு மின்துடிப்பு வந்து சேர்கிறது. முனைக்குள் கால்சியம் நுழைகிறது. அதனால் நுண்பைகள் முனையின் சவ்வோடு இணைந்து, சுமார் 50 நானோமீட்டர் அகல இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்ற செய்தி வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது தசைநாரின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்ட, சோடியம் உள்ளே பாய்கிறது. ஓய்வில் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருந்த நாரின் சவ்வில் புதிய மின்துடிப்பு எழுகிறது. பணி முடிந்த அசிட்டைல்கோலினை அங்கேயே இருக்கும் ஒரு நொதி சிதைத்துவிடுகிறது. இல்லாவிட்டால் ஒரே ஆணை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நார் தடிமனானது, மேற்பரப்பில் ஓடும் துடிப்பு நடுவிலிருக்கும் நுண்நார்களுக்கு எப்படித் தெரியும்? சவ்வே உட்புறமாகக் குழிந்து டி குழாய்களாக உள்ளே போகிறது. அந்தக் குழாய்ச் சுவரில் மின்னழுத்த மாற்றத்தை உணரும் புரதம் ஒன்று உண்டு. அது அடுத்திருக்கும் சார்கோபிளாச வலையின் கதவைத் தொட்டபடி இருக்கிறது. துடிப்பு வந்ததும் உணரி அசைகிறது, கதவு திறக்கிறது, வலைக்குள் சேமித்த கால்சியம் வெளியே பாய்கிறது. நாருக்குள் அதன் செறிவு 100 மடங்கு வரை கூடலாம்.

படிப்பவர்கள் இங்கே செய்யும் தவறு, கால்சியம் வெளியிலிருந்து நாருக்குள் வருவதாக எழுதுவது. எலும்புத்தசையில் அது உள்ளே இருக்கும் கிடங்கிலிருந்தே வருகிறது. நரம்பு முனையில் நுழையும் கால்சியம் வேறு, இது வேறு.

படி 5: தலையின் ஒரு சுற்று

ஓய்வில் ஆக்டினின் பிடிமான இடங்களை ட்ரோபோமையோசின் என்ற நீளப் புரதம் மறைத்திருக்கிறது. அதோடு சேர்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் கால்சியம் ஒட்டியதும் ட்ரோபோமையோசின் விலகுகிறது. இடம் திறந்துவிட்டது. அடுத்து நடப்பவை:

1. முன்பே நிமிர்ந்து தயாராக நிற்கும் மையோசின் தலை ஆக்டினைப் பிடிக்கிறது.
2. தலையிலிருந்து பாஸ்பேட் வெளியேற, தலை சாய்ந்து மெல்லிய இழையை நடுவை நோக்கி இழுக்கிறது. ஒரு இழுப்பு சுமார் 10 நானோமீட்டர், நம் மாதிரியில் 1 மி.மீ. பின் அடினோசின் டைபாஸ்பேட்டும் வெளியேறுகிறது.
3. தலை ஆக்டினோடு இறுகிக் கிடக்கிறது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட் புதிதாக வந்து ஒட்டினால்தான் பிடி விடும்.
4. வந்த டிரைபாஸ்பேட்டைத் தலை டைபாஸ்பேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் பிளக்கிறது. அந்த ஆற்றலில் மறுபடி நிமிர்ந்து அடுத்த பிடிக்குத் தயாராகிறது.

அடினோசின் டைபாஸ்பேட், அடினோசின் டிரைபாஸ்பேட் இரண்டின் சுருக்கப் பெயர்களும் தமிழ் எழுத்தில் ‘ஏடிபி’ என்று ஒரே மாதிரி வந்துவிடுவதால் டை, டிரை என்று முழுப்பெயரிலேயே படிப்பது நல்லது. மூன்றாம் வரியை இன்னொரு முறை படியுங்கள். டிரைபாஸ்பேட் வந்து ஒட்டுவது பிடியை விடுவிக்கிறது. இறந்த உடல் விறைப்பது இதனால்தான். மூச்சு நின்றபின் டிரைபாஸ்பேட் தீர்ந்துபோகிறது, கிடங்கிலிருந்து கால்சியம் கசிகிறது, பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் தொடங்கும் இந்த விறைப்பு, புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகே தளர்கிறது. எத்தனை மணி நேரம் என்பது சூட்டைப் பொறுத்து வெகுவாக மாறும்.

10 நானோமீட்டர் இழுப்பு எப்படிக் கையைத் தூக்குகிறது? 10 செ.மீ. நீளத்தில் வரிசையாக சுமார் 45,000 சார்கோமியர்கள் இருக்கும். தலைகள் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து ஒவ்வொன்றையும் 0.2 மைக்ரோமீட்டர் குறுக்கினால் மொத்தம் 9 மி.மீ. படி 1இன் கணக்குப்படி கை 6 செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். ஒரே நேரத்தில் எல்லாத் தலைகளும் இழுப்பதில்லை; கயிறு இழுப்பவர்கள் கைமாற்றிப் பிடிப்பது போல, சில விடும்போது சில பிடித்திருக்கும்.

படி 6: தளர்வு

தளர்வதற்கும் செலவு உண்டு. நரம்புத் துடிப்பு நின்றதும் சார்கோபிளாச வலையின் பம்புகள் ஒரு டிரைபாஸ்பேட்டுக்கு இரண்டு கால்சியம் வீதம் கிடங்குக்குத் திருப்பி இறைக்கின்றன. ட்ரோபோமையோசின் பழைய இடத்துக்கு வந்து ஆக்டினை மூடுகிறது. ஆனால் தசை தானாகப் பழைய நீளத்துக்கு ஓடிப்போவதில்லை. எதிர்த்தசையோ புவியீர்ப்போதான் பெரும்பாலும் அதை இழுத்து நீட்டுகிறது.

படி 7: கொஞ்சம் விசை, நிறைய விசை

ஒரு இயக்க நரம்பணுவும் அது ஆளும் நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குப் பத்து நார்கள் போல. கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். நுணுக்கம் வேண்டிய இடத்தில் சிறிய அலகு, பலம் வேண்டிய இடத்தில் பெரியது. விசை கூடக் கூட முதலில் சிறிய அலகுகளும் பின்னர் பெரியவையும் வேலைக்கு வருகின்றன.

இரண்டாவது வழி துடிப்புகளின் வேகம். ஒற்றைத் துடிப்பு தருவது சிறு துள்ளல் மட்டுமே. அது அடங்குமுன் அடுத்தது வந்தால் விசை கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இடைவெளியே தெரியாத தொடர் இழுப்பாகும். இதற்கும் டெட்டனஸ் என்றே பெயர். காயத்தில் நுழையும் கிருமியால் வரும் நோயின் பெயரும் அதுதான்.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக. தயாராக இருக்கும் டிரைபாஸ்பேட் முழு உழைப்பில் சில நொடிகளே போதும். கிரியேட்டின் பாஸ்பேட் அதைப் பத்து நொடி அளவுக்கு நீட்டிக்கிறது. அதற்குமேல் ஆக்சிஜன் இல்லாத குளுக்கோஸ் சிதைவு, நீண்ட நேரத்துக்கு மைட்டோகாண்ட்ரியா. மெதுவான, சிவந்த முதல்வகை நார்கள் மைட்டோகாண்ட்ரியாவை நம்பி நெடுநேரம் உழைக்கும். வேகமான இரண்டாம்வகை நார்கள் பலம் தந்து சீக்கிரம் களைக்கும்.

கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்வது இன்னும் ஓயவில்லை. லாக்டேட் ஒரு மணி நேரம் போல ஓய்வெடுத்தாலே பெருமளவு அகன்றுவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. பாரத்தை இறக்குவது, சரிவில் இறங்குவது போல தசை நீண்டபடி உழைக்கும்போது நார்களில் ஏற்படும் நுண்சேதமும் அதைத் தொடரும் அழற்சியுமே அதற்குக் காரணம்.

எந்தக் கண்ணி அறுந்தால் என்ன ஆகும்

படி 4, 5 சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாட்டுலினம் நச்சு நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளியேறுவதையே தடுக்கிறது. ஆணை போய்ச் சேராது, தசை தொய்ந்து செயலிழக்கும். மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் உடலின் எதிர்ப்பொருள்களே ஏற்பிகளைத் தாக்குகின்றன; இமை தொங்கும், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துகொண்டே போகும். இங்கே அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை மருந்தால் அளவாகத் தடுத்தால், மிஞ்சிய ஏற்பிகளுக்கு ஆணை கூடுதல் நேரம் கேட்கும். அதே நொதியை ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் அடியோடு முடக்குகின்றன. முதலில் தசைத் துடிப்பு, பிறகு செயலிழப்பு. மூச்சுத்தசைகள் நின்றால் மரணம். இந்த நஞ்சு ஏறியதாகச் சந்தேகம் வந்தாலே உடனடி மருத்துவ உதவி தேவை.

கால்சியக் கதவில் மரபுக்கோளாறு உள்ள சிலருக்கு, சில மயக்க வாயுக்களோ சக்சினைல்கோலின் மருந்தோ கொடுத்தால் கதவு மூடாமல் நின்றுவிடும். தசைகள் விறைத்து உடல் வெப்பம் எகிறும். கதவை அடைக்கும் டான்ட்ரோலீன்தான் மாற்று மருந்து. குடும்பத்தில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

டூஷென் தசைநலிவில் சங்கிலி சரியாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் இழைகளைச் சவ்வின் வழியே வெளி உறையோடு பிணைக்கும் டிஸ்ட்ரோஃபின் இல்லாததால், ஒவ்வொரு சுருக்கத்திலும் சவ்வு கிழிபடுகிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு என்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது.

இதயமும் குடலும்

மேலே படித்ததை அப்படியே மற்றத் தசைகளுக்குப் பொருத்தக் கூடாது. இதயத்தசையிலும் சார்கோமியர் உண்டு. ஆனால் அங்கே வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் நுழைந்தால்தான் கிடங்கின் கதவு திறக்கும். அதன் மின்துடிப்பு கால் நொடி அளவுக்கு நீள்வதால், ஒரு சுருக்கம் முடியும்வரை அடுத்தது தொடங்க முடியாது. எலும்புத்தசை போலத் தொடர் இழுப்பில் அது சிக்கிக்கொண்டால் இதய அறைகள் நிரம்ப நேரமே இருக்காது.

குடல், ரத்தக்குழாய், கருப்பை ஆகியவற்றின் மென்தசையில் சார்கோமியர் வரிசையும் இல்லை, ட்ரோபோனினும் இல்லை. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எழுப்ப, அது மையோசினிலேயே பாஸ்பேட்டை ஏற்றி வேலையைத் தொடங்கிவைக்கிறது. எலும்புத்தசையில் பூட்டு ஆக்டின் பக்கம், மென்தசையில் மையோசின் பக்கம். வேகம் குறைவு, ஆனால் பிடித்த பிடியைக் குறைந்த செலவில் மணிக்கணக்கில் வைத்திருக்கும்.